உங்கள் தோளுக்குப் பொருந்தும் வில்: கோலாலம்பூரில் மரபு வில் வாங்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என் முதல் வில் 45 பவுண்ட், அதாவது நாணை முழுதாக இழுத்தால் கையில் நிற்கும் பாரம் அவ்வளவு. கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், மர வேலைப்பாடு கண்ணைப் பறித்தது, "உங்க உடம்புக்கு இது சரியா இருக்கும் அண்ணே" என்றார் கடைக்காரர், வாங்கிவிட்டேன். மூன்றாம் வாரம் வலது தோளில் ஒரு வலி பிடித்தது. தலைக்கு மேல் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. நான்கு மாதம் வில்லைத் தொடாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது பயிற்சி இடத்தில் இருந்த 26 பவுண்ட் வாடகை வில்லில் ஆரம்பித்தேன். அன்றுதான் வில் எய்வது என்றால் என்ன என்று என் உடம்புக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு பல பேருக்கு முதல் வில் தேர்ந்தெடுக்க உதவியிருக்கிறேன். கடைசியாக என் அக்கா மகளுக்கு. செந்தூலில் அக்கா வீட்டுக் கூடத்தில், ரவிக்கை தைக்க அக்கா வைத்திருக்கும் அளவு நாடாவை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்தோம். அவளுக்குச் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இந்த வரிசை முக்கியம். நம்மில் பெரும்பாலோர் வில்லின் அழகைப் பார்த்து, பிறகு விலையைப் பார்த்து, கடைசியில் உடம்பைப் பற்றி யோசிக்கிறோம். தலைகீழாகச் செய்யுங்கள். உடம்பை அளந்து முடிக்கும்வரை எந்தக் கடைக்கும் போகாதீர்கள்.

முதலில் கண்

நாம் எல்லோரும் வலது கையா இடது கையா என்று யோசிக்கிறோம். வில்லுக்கு அதைவிட முக்கியம் எந்தக் கண் ஆளும் கண் என்பது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மூளை ஒரு கண்ணின் பார்வையைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்ளும். அம்பு அந்தக் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் நேராகக் குறி பார்ப்பதாக நினைத்துக்கொண்டே ஒரு பக்கமாக எய்துகொண்டிருப்பீர்கள்.

சோதிப்பது எளிது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை விடுங்கள். அந்த ஓட்டை வழியாகச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் அப்படியே இருந்தால் திறந்திருக்கும் கண்தான் ஆளும் கண். மறைந்துபோனால் மற்றது. மூன்று முறை செய்து பாருங்கள்.

அக்கா மகள் வலது கையால் எழுதுகிறவள். சோதித்தால் இடது கண். மூன்று முறையும் இடதுதான். "அப்போ நான் எந்தக் கையால இழுக்கணும் மாமா?" என்று கேட்டாள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கண் சொல்வதைக் கேளுங்கள். வில் இழுப்பது எழுதுவது போல நுணுக்கமான விரல் வேலை இல்லை. முதுகும் தோளும் செய்யும் வேலை. இரண்டு கைக்கும் அது புதிதுதான். சில வாரங்களில் பழகிவிடும். பல வருடம் வலது பக்கம் எய்து பழகியவர் என்றால் மாறச் சொல்ல மாட்டேன், அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எய்யலாம்.

கடையில் ஒரு குழப்பம் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இடது கை வில் என்றால் இடது கையால் நாணை இழுக்கும் வில். பிடிப்பது வலது கையில். இதை மாற்றிப் புரிந்துகொண்டு வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைநீளம்: எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான்

நாணை முழுதாக இழுத்து, கை வழக்கமாக வந்து நிற்கும் இடத்தில் நிறுத்தும்போது நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம்தான் இழுவை நீளம். கை நிற்கும் அந்த இடத்தை ஆங்கர் என்பார்கள். பெரும்பாலோருக்கு வாயின் ஓரம், அல்லது தாடைக்குக் கீழ்.

வீட்டிலேயே தோராயமாகக் கணக்கிடலாம். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் சிலுவை போல விரியுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம், இயல்பாக விரித்தால் போதும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த அங்குலத்தை 2.5ஆல் வகுத்தால் இழுவை நீளம் வந்துவிடும். அக்கா மகளுக்கு 158 சென்டிமீட்டர் வந்தது. அது 62 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வகுத்தால் ஏறத்தாழ 25 அங்குலம்.

இது தொடக்கக் கணக்குதான். மரபு வில் எய்கிறவர்கள் சிலர் வில் பிடிக்கும் கையைக் கொஞ்சம் மடக்கி, தலையைச் சாய்த்து நிற்பார்கள். அப்போது ஓர் அங்குலம் குறையும். கட்டைவிரலால் இழுத்துக் காதைத் தாண்டிக் கொண்டுபோகிறவர்களுக்கு நான்கைந்து அங்குலம்கூட ஏறும். அதனால் முடிந்தால் ஏதாவது ஒரு பயிற்சி இடத்தில், 15 அல்லது 18 பவுண்ட் இருக்கும் மெல்லிய வில்லை வாடகைக்கு எடுத்து, அங்குலம் குறித்த நீள அம்பு ஒன்றை வைத்து இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் கைப்பிடியின் முன்பக்கம் எந்த எண்ணில் நிற்கிறது என்று படிக்கட்டும். பத்து முறை இழுத்து, கடைசி ஐந்தின் சராசரியை எடுங்கள். முதல் ஐந்தில் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக் காட்டுவார்கள்.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பணப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பவுண்ட்?

இந்த ஒரு கேள்வியில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வில்லின் கீழ்ப்பாதியில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஓர் எண் எழுதியிருக்கும். உதாரணமாக 30 பவுண்ட், 28 அங்குலம். அந்த வில்லை 28 அங்குலம் இழுத்தால் விரலில் 30 பவுண்ட் பாரம் நிற்கும் என்று அர்த்தம். 28 என்பது உலகம் முழுக்கப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் பொது அளவு. உங்கள் இழுவை நீளம் 28 இல்லை என்றால் உங்களுக்கு அது 30 பவுண்ட் வில் இல்லை. 25 முதல் 35 பவுண்ட் வரையுள்ள வில்களில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 பவுண்ட் கூடும் அல்லது குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40, 50 என்று போகும்போது இரண்டரை, மூன்று. 25 அங்குலம் இழுப்பவருக்கு 30 பவுண்ட் வில் 24 பவுண்ட் அளவில்தான் நிற்கும். கை நீளமாக உள்ள ஒருவர் 30 அங்குலம் இழுத்தால் அதே வில் 34 ஆகிவிடும்.

இதைச் சரிபார்க்க நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு. வில்லின் கைப்பிடியை ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ள, தராசின் கொக்கியை நாணின் நடுவில் மாட்டி, உங்கள் இழுவை நீளம் வரும்வரை மெதுவாக இழுத்து எண்ணைப் படியுங்கள். அப்புறம் மெதுவாகவே திரும்ப விடுங்கள். கொக்கி கழன்றால் வில் உடையும், முகத்திலும் அடிக்கும். கொக்கியின் வாயில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுச் செய்யுங்கள். கிலோவை 2.2ஆல் பெருக்கினால் பவுண்ட். அக்கா மகளுக்கு நாங்கள் பார்த்த வில்லில் 25 என்று எழுதியிருந்தது. அவளுடைய 25 அங்குலத்தில் தராசு 9.1 கிலோ காட்டியது. அதாவது 20 பவுண்ட். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள ஆண்களுக்கு, அவர்களுடைய சொந்த இழுவை நீளத்தில், 25 முதல் 30. பெண்களுக்கு 18 முதல் 25. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 14 முதல் 20. பத்து வயதுக்குக் கீழே 10, 12 போதும். இந்த எண்களைக் கேட்டுப் பல பேர் முகம் சுளிப்பார்கள். ஜிம்முக்குப் போகும் ஒரு தம்பி என்னிடம், "நான் 80 கிலோ தூக்குறேன், எனக்கு 30 பவுண்டா?" என்று கேட்டார். அவர் பாரம் தூக்குவது மார்பாலும் புஜத்தாலும். வில்லை இழுத்துப் பிடிப்பது இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகள். அன்றாட வாழ்க்கையில் அவற்றுக்கு அந்த வேலையே கிடையாது.

இரண்டு சோதனைகள் சொல்கிறேன். ஒரு நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கால்களையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். வில்லை மேலே தூக்காமல், நேராக முன்னால் நீட்டி, அப்படியே முழுதாக இழுங்கள். முடியவில்லை என்றால் அந்த வில் உங்களுக்கு அதிகம். அடுத்தது, எழுந்து நின்று இழுத்து ஆங்கரில் 10 வினாடி நிறுத்துங்கள். பத்து முறை இதையே செய்யுங்கள். ஏழாவது, எட்டாவது முறையில் பிடித்த கை நடுங்கி அம்பு முனை வட்டம் போட்டால் 4, 5 பவுண்ட் குறைத்து எடுங்கள். கடையில் ஒரே ஒருமுறை இழுத்துவிட்டு "முடியுது" என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. ஒருமுறை நானும் 45ஐ இழுத்தேன்.

பாரம் அதிகமானால் என்ன நடக்கும்? வலி மட்டும் இல்லை. கை ஆங்கருக்கு வருவதற்கு முன்பே விட்டுவிடத் தோன்றும். தோள் காதுக்கு ஏறும். முதுகுக்குப் பதிலாகக் கை இழுக்கும். இவை ஒரு மாதம் நடந்தால் பழக்கமாகிவிடும். மெல்லிய வில்லுக்கு மாறிய பிறகும் கை பாதியிலேயே நாணை விட்டுவிடும். எனக்கு அதைச் சரிசெய்ய ஒரு வருடம் பிடித்தது.

பழைய காலத்து வீரர்கள் நூறு பவுண்டுக்கு மேல் இழுத்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 130க்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன. அவற்றின் இழுவை 100 முதல் 185 பவுண்ட் வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே கப்பலில் கிடைத்த மனித எலும்புகளைப் பார்த்தால், சிலருடைய தோள் நுனி எலும்பு வளர்ந்து ஒன்று சேராமல் தனியாக நின்றிருக்கிறது. சின்ன வயதிலிருந்தே கனமான வில் இழுத்துப் பழகியதால் இப்படி ஆகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்கள் சிறுவயதில் தொடங்கினார்கள், தோளையும் விலையாகக் கொடுத்தார்கள். நாம் சனி ஞாயிறு மட்டும் எய்கிறவர்கள்.

எந்த வகை வில்?

மரபு வில் என்று நம் ஊரில் விற்பவை மூன்று வகையில் அடங்கும்.

லாங்போ நீண்டு, கிட்டத்தட்ட நேராக இருக்கும். நாண் மாட்டினால் ஆங்கில எழுத்து டி போல வளையும். மென்மையாக இழுக்கும், சின்னத் தவறுகளை மன்னிக்கும். ஆனால் நீளம் அதிகம். ரயிலில் கொண்டுபோவதும் அடுக்குமாடி லிஃப்டில் ஏற்றுவதும் சிரமம்தான்.

ரிகர்வ் வில்லில் நுனிகள் முன்பக்கமாக வளைந்திருக்கும். அதே பவுண்டில் அம்பு கொஞ்சம் வேகமாகப் போகும். இதில் டேக்டவுன் என்று ஒன்று உண்டு. கைப்பிடி தனி, மேலும் கீழும் வளையும் பகுதிகளான லிம்ப்கள் தனி, திருகி மாட்டுவது. முதல் வில்லாக இதைத்தான் நான் சொல்வேன். முக்கியக் காரணம்: உடம்பு பழகிய பிறகு லிம்ப்களை மட்டும் மாற்றிப் பவுண்டை ஏற்றலாம். முழு வில்லையும் மறுபடி வாங்க வேண்டியதில்லை. கழற்றினால் ஒரு முதுகுப் பைக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது, ஹார்ஸ்போ எனப்படும் குதிரைவீரர் வில். துருக்கி, ஹங்கேரி, கொரியா, மஞ்சூரியா பாணிகளில் வரும். மலாய் நண்பர்கள் பலர் இதைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். கோலாலம்பூர்த் திடல்களில் நாணை இழுக்கக் கட்டைவிரலில் மோதிரம் மாட்டி நிற்பவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். துருக்கிய மரபு வில்வித்தை 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கொரியாவில் இன்றும் மரபு வில்லாளர்கள் 145 மீட்டர் தள்ளி இருக்கும் பலகைக்கு எய்கிறார்கள். இந்த வில்லில் அம்பு வைக்கத் தனி மேடை கிடையாது. அம்பு கைமேல் உட்காரும். அதனால் வலது, இடது இரண்டு கைக்காரரும் ஒரே வில்லை எய்யலாம். அண்ணன் தம்பி ஒரு வில்லைப் பகிர்ந்துகொள்ள நினைத்தால் இது நல்லது.

கட்டைவிரல் இழுவை நமக்கு அந்நியமானது இல்லை. ஏகலைவன் கதையை நினைத்துப் பாருங்கள். குரு கேட்டது வலது கையின் கட்டைவிரல். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களால் நாணை இழுக்கும் ஊராக இருந்திருந்தால் அந்தத் தட்சிணைக்கு அவ்வளவு கொடுமை இருந்திருக்காது. சேரர் கொடியில் வில், கடையெழு வள்ளல்களில் ஒருவன் வல்வில் ஓரி, விஜயதசமியன்று கோயிலில் அம்பு போடும் சடங்கு என்று வில் நம்மோடு எப்போதும் இருந்திருக்கிறது. விரலில் மாட்டும் தோலுறைக்குக்கூட விரற்புட்டில் என்று பழந்தமிழில் பெயர் உண்டு. இப்போது கடையில் கிளவ், டேப் என்று கேட்டு வாங்குகிறோம்.

கட்டைவிரலா மூன்று விரலா என்பது உங்கள் விருப்பம். ஆனால் வில் வாங்குவதற்கு முன் முடிவு செய்யுங்கள். வலது கையால் கட்டைவிரல் இழுவை செய்கிறவருக்கு அம்பு வில்லின் வலது பக்கம் உட்காரும். மூன்று விரல்காரருக்கு இடது பக்கம். ரிகர்வ் வில்லின் மேடை ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கும்.

வில்லின் நீளம்

நீளம் குறைவான வில்லை அதிகம் இழுத்தால் இரண்டு தொல்லைகள். நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களை நெருக்கும். அப்புறம், கடைசி இரண்டு அங்குலத்தில் பாரம் திடீரென்று ஏறும். சுவரில் முட்டியது போல இருக்கும். இதை ஸ்டாக்கிங் என்பார்கள்.

ரிகர்வ் வில்லுக்கு 26 அங்குலம் வரை இழுப்பவர் 58 முதல் 62 அங்குல வில் எடுக்கலாம். 27, 28 என்றால் 62 முதல் 64. 29க்கு மேல் 66ஐத் தேடுங்கள். லாங்போ என்றால் ஒவ்வொன்றிலும் நான்கு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் நீளமானதையே எடுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் இழுவை சீராக இருக்கும்.

குதிரைவீரர் வில்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் நுனியில் இருக்கும் வளையாத பகுதி நெம்புகோல் போல வேலை செய்வதால், 50 சொச்சம் அங்குல வில்லைக்கூட 30, 32 அங்குலம் இழுக்க முடியும். அதற்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அதிகபட்ச இழுவையைக் கேளுங்கள். அந்த எண் உங்கள் இழுவை நீளத்தைவிட ஓர் அங்குலமாவது அதிகமாக இருக்கட்டும்.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

இப்போது கடைக்குப் போகலாம். பணத்தைப் பொறுத்தவரை ஒரு வழக்கம் சொல்கிறேன்: கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வில்லுக்குச் செலவு செய்யாதீர்கள். அம்பு, கைக்காப்பு, விரலுறை, நாண் மாட்டும் கயிறு, பை எல்லாம் சேர்ந்தால் வில்லின் விலையைத் தொட்டுவிடும். அம்பில் மிச்சம் பிடித்தவர்கள் நல்ல வில்லை வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள்.

வில்லில் நாண் மாட்டச் சொல்லுங்கள். மாட்டும் விதத்தைக் கவனியுங்கள். ஸ்டிரிங்கர் என்ற கயிற்றை இரண்டு நுனியிலும் மாட்டி, காலால் மிதித்து, வில்லைத் தூக்கி மாட்டுவதுதான் சரி. காலுக்கு நடுவில் வில்லை விட்டு முறுக்கி மாட்டினால் லிம்ப் திருகிக்கொள்ளும். மாட்டியபின் ஒரு நுனியை உங்கள் கண்ணருகே கொண்டுவந்து, நீளவாக்கில் பாருங்கள். நாண் மேல் லிம்பின் நடுவிலும், கைப்பிடியின் நடுவிலும், கீழ் லிம்பின் நடுவிலும் ஒரே கோடாக ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் லிம்ப் திருகியிருக்கிறது. வேறு வில் கேளுங்கள்.

அடுத்து, ஒரு சின்னப் பஞ்சு உருண்டை. அதை லிம்பின் இரண்டு பக்கமும் ஓரங்களிலும் மெல்லத் தேய்த்துக்கொண்டே போங்கள். எங்கேயாவது பஞ்சின் இழை மாட்டினால் அங்கே சிம்பு கிளம்பியிருக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல். பழைய வில் வாங்குகிறவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. அக்கா மகளுக்காக முதலில் எடுத்த பழைய வில்லில், கீழ் லிம்பின் ஓரத்தில் பஞ்சு ஒரு இழை விட்டுக்கொண்டு நின்றது. விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி இழைக்கும் மரத்துக்கும் நடுவில் முடி அளவு வெள்ளைக் கோடு. பசை விடத் தொடங்கிவிட்டது. பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தோம்.

நாணுக்கும் கைப்பிடியின் ஆழமான இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ரிகர்வில் பெரும்பாலும் ஏழரை முதல் எட்டேகால் அங்குலம், லாங்போவில் ஆறரை முதல் ஏழரை. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் இருந்தால் போதும். குறைவாக இருந்தால் நாணைச் சில சுற்று கூடுதலாக முறுக்கி மாட்டினால் ஏறும். பழைய வில் என்றால் அதில் கொஞ்சம் நீண்டுகொடுக்கும் டாக்ரான் நாண்தான் போட வேண்டும். நீளாத புதுவகை ஃபாஸ்ட்ஃபிளைட் நாண்கள், அதற்கென்று பலப்படுத்தாத நுனிகளைப் பிளந்துவிடும்.

கடைசியாகக் கைப்பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வில் உட்கார வேண்டும், விரல்களால் இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்கக்கூடாது. சின்னக் கை உள்ளவர்களுக்குத் தடித்த கைப்பிடி மணிக்கட்டைத் திருப்பிவிடும். இதற்கு எண் கிடையாது, பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

எதைச் சோதித்தாலும், அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்பு எடுத்துப்போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி லிம்ப்களைச் சிதறடிக்கும்.

வில்லோடு சேர்த்து அம்பு

அம்பு நாணிலிருந்து கிளம்பும்போது மீன் போல வளைந்து நெளிந்து கைப்பிடியைச் சுற்றிப் போகும். அந்த வளைவு வில்லின் விசைக்குப் பொருந்த வேண்டும். அந்த விறைப்பைத்தான் ஸ்பைன் எண் சொல்கிறது. 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கவைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் தொய்ந்தால் அது 500. எண் ஏற ஏற அம்பின் விறைப்பு குறையும். கார்பன் அம்புகளில் 20 பவுண்டுக்கு 900, 1000, 30 பவுண்டுக்கு 700 சுற்று, 40 பவுண்டுக்கு 500 அல்லது 600 என்று ஆரம்பிக்கலாம். இதை ஒரு முடிவாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு டஜன் வாங்குவதற்கு முன் இரண்டு அம்பை எய்து பாருங்கள். வலது கைக்காரர் ஒருவர் மூன்று விரலால் எய்யும்போது, இறகு இல்லாத அம்பு இறகுள்ள அம்புகளுக்கு வலது பக்கம் போய்க் குத்தினால் அம்பின் விறைப்பு போதவில்லை. இடது பக்கம் போனால் விறைப்பு அதிகம். இடது கைக்காரருக்கு அப்படியே மாற்றிப்போட்டுக்கொள்ளுங்கள்.

நீளம், உங்கள் இழுவை நீளத்தைவிட இரண்டு அங்குலமாவது அதிகம். அம்பு குட்டையாக இருந்து கைக்குப் பின்னால் விழுந்தால் உள்ளங்கையைத் துளைத்துவிடும். எடை, உங்கள் இழுவையில் ஒரு பவுண்டுக்கு 8 கிரெயினுக்குக் கீழே போகக்கூடாது, 10 இருந்தால் நல்லது. 30 பவுண்டுக்கு 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம்.

கைமேலோ வில்லின் மேடைமேலோ அம்பை வைத்து எய்வதாக இருந்தால் இறகு வேண்டும். வேன் எனப்படும் பிளாஸ்டிக் இறகு கைப்பிடியில் முட்டி அம்பைத் தள்ளிவிடும். இறகு மடங்கிக்கொடுக்கும்.

நம் ஊர் வெயில், மழை, ஈரம்

வெளிநாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் இது அதிகம் இருக்காது. நண்பகலில் வெளியே நிறுத்திய காருக்குள் 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். ஒட்டி அடுக்கிச் செய்த வில்லின் பசை அதில் இளகும். வேலை முடிந்து நேராகத் திடலுக்குப் போகலாம் என்று காலையிலேயே காரில் வில்லை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அலுவலகத்துக்குள் எடுத்துப் போங்கள். டேக்டவுன் வில்லைப் பரிந்துரைக்க எனக்கு இன்னொரு காரணம் இது.

ஏப்ரல் மாதமும் அக்டோபர், நவம்பரும் மாலை நான்கு மணிக்குக் கொட்டும் மழைக்குப் பெயர் போனவை. இடி கேட்டால் திடலை விட்டு வந்துவிடுங்கள். நனைந்த வில்லைத் துடைத்து, நாணைக் கழற்றி, படுக்கவைத்தோ இரண்டு ஆணியில் கிடையாக மாட்டியோ காயவிடுங்கள். மூலையில் சாய்த்து நிறுத்தினால் கீழ் லிம்ப் வளைந்துபோகும். நனைந்து படிந்த இறகை, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சில வினாடி சுற்றிக் காட்டினால் நிமிர்ந்துவிடும். மர அம்புகள் ஈரத்தில் கோணும், அதனால் புதியவர்களுக்குக் கார்பன் என்கிறேன். தோல் பொருள்களில் பூஞ்சை பிடிக்கும், பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

கொம்பும் தசைநாரும் சேர்த்து விலங்குப் பசையால் ஒட்டிச் செய்த உண்மையான கொம்பு வில்மேல் ஆசை வந்தால் கொஞ்சம் பொறுங்கள். கொரியர்களே மழைக்காலத்தில் அதைச் சூடான பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்பவர்கள். நம் ஊரில் வருடம் முழுவதும் ஈரம்தான். கேமராவுக்கு வாங்குவது போன்ற உலர்பெட்டி வீட்டில் இல்லாமல் அந்த வில்லை வாங்க வேண்டாம். அதே வடிவத்தில் கண்ணாடி இழையில் செய்தது எந்தக் கவலையும் இல்லாமல் எய்யும்.

வாங்கிய பிறகு

முதல் மாதம் ஐந்து மீட்டரில், பெரிய பலகைக்கு. ஒரு நாளைக்கு 40, 50 அம்பு போதும். குறி விழுகிறதா என்று பார்க்காமல் ஒவ்வொரு முறையும் கை ஒரே இடத்துக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுக்குமாடி நடைபாதையிலும் தாமானின் பின்சந்திலும் எய்யவே கூடாது. 20 பவுண்ட் வில்லின் அம்பும் ஆளைக் கொல்லும். முறையான திடலுக்கே போங்கள்.

பவுண்டை எப்போது ஏற்றுவது? ஒரே நாளில் 100 அம்பு எய்து, கடைசி பத்து அம்புகளும் முதல் பத்தைப் போலவே வருகின்றனவா? மறுநாள் காலை தோளில் வலி இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால், 4 பவுண்ட் மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஒரே தாவலில் போகாதீர்கள். பவுண்ட் மாறினால் அம்பின் ஸ்பைனையும் மறுபடி பாருங்கள்.

அக்கா மகள் கடைசியில் எடுத்தது 62 அங்குல டேக்டவுன் ரிகர்வ், இடது கை, 25 என்று எழுதியது. எட்டு மாதம் அதிலேயே எய்தாள். போன மாதம்தான் 30 பவுண்ட் லிம்ப் மாட்டினோம், அவள் கையில் அது 24. பழைய லிம்ப் இரண்டையும் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்திருக்கிறாள். அவளுடைய தம்பிக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு மறுபடி செந்தூலுக்குப் போகிறேன்.